வேலையில் இருக்கும்போதே ஓய்வூதியம் எடுக்கச் சொல்லும் ஆலோசகர்கள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்தும் வேலை பார்த்துக்கொண்டு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் வளர்த்துவரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுத்தர வயதில் இங்கே வந்து, தாமதமாகக் குழந்தை பெற்றவர்கள் நம்மில் பலர் உண்டு. என்னை ஏமாற்றிய ஓய்வுக்கால ஆலோசகர் அத்தகைய குடும்பங்களைத் தேடித்தான் நம் கூட்டங்களுக்கு வந்தார்.

"62 வயது முடிந்ததும் சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பித்துவிடுங்கள் சார். உங்களுக்கு ஒரு தொகை, பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தொகை. அவர்கள் காலேஜ் முடிக்கும்வரை வந்துகொண்டே இருக்கும்" என்றார். சோஷியல் செக்யூரிட்டி என்பது அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஓய்வூதியம் பெறுபவரின் 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கு, குடும்ப உச்சவரம்புக்கு (ஒரு குடும்பத்துக்குத் தரப்படும் மொத்தத் தொகையின் எல்லை) உட்பட்டு, பெற்றோர் முழு ஓய்வு வயதில் (குறைப்பின்றி ஓய்வூதியம் பெறும் வயது) பெறக்கூடிய தொகையில் பாதிவரை கிடைக்கும். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் முழுநேரம் படித்தால்கூட அது 19 வயதோடு நின்றுவிடும். கல்லூரி மாணவர்களுக்கான உதவியை அரசு 1980களிலேயே நிறுத்திவிட்டது. விரைவில் பள்ளியை முடிக்கவிருந்த என் மூத்த மகளின் கல்லூரிச் செலவுக்கு இந்தப் பணம் உதவும் என்று அவர் சொன்னது முழுப் பொய்.

அதைவிடப் பெரிய கேடு, அவர் வாயே திறக்காத வருமான வரம்பு. என் முழு ஓய்வு வயதான 67இல் எனக்கு உரிய தொகை மாதம் 2,400 டாலர். 62 வயதிலேயே எடுத்தால் 30 சதவீதம் குறைந்து 1,680 ஆகும். குடும்ப உச்சவரம்பின்படி இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,025 டாலர். ஆக, மாதம் 3,700 டாலர் என்று அவர் தாளில் எழுதிக் காட்டினார். கூட்டல் சரிதான். ஆனால் 2025ஆம் ஆண்டு முழுவதும் முழு ஓய்வு வயதை எட்டாதிருந்தவர் அந்த ஆண்டில் 23,400 டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் ஓய்வூதியத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டது. என் ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர் என்பதால் நிறுத்தப்பட வேண்டியது 28,300 டாலர். அதுவும் என் பங்கிலிருந்து மட்டுமல்ல, என் கணக்கின்பேரில் பிள்ளைகளுக்கு வரும் பணத்திலிருந்தும். ஆண்டுக்கு 44,000 டாலருக்கு மேல் வரும் என்று காட்டப்பட்டதில் எங்களுக்கு உரியது 16,000 டாலர் சொச்சம் மட்டுமே.

விண்ணப்பத்தில் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானத்தைக் கேட்பார்கள். ஆலோசகர் தன் அலுவலகக் கணினியில் தானே நிரப்பியபோது, என் சம்பளம் தெரிந்திருந்தும், அந்த இடத்தில் வரம்புக்குக் கீழான ஒரு தொகையை எழுதியிருக்கிறார். ஆகவே முழுப் பணமும் வந்தது. பிறகு என் சம்பள விவரம் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததும், கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. விண்ணப்பிப்பது முற்றிலும் இலவசம். அதற்கும் அவர் என்னிடம் கட்டணம் வாங்கியிருந்தார்.

அவருடைய உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு வரும் பணத்தை என் பெயரில் ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசியில் மாதந்தோறும் போடச் சொல்லி வற்புறுத்தினார். அதை விற்கும் முகவரும் அவரே. பிள்ளைகளுக்காகப் பெறும் பணத்தை அவர்களின் தேவைக்குச் செலவிட வேண்டும், மிச்சத்தை அவர்களுக்காகவே சேமிக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைகளின் பணத்தைக் கமிஷனுக்காகத் திருப்பிவிடப் பார்த்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நிறுத்திவைத்த மாதங்களுக்கு ஈடாக 67 வயதில் என் தொகையைச் சற்று உயர்த்துவார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டது திரும்பாது. பணம் பெற்ற மாதங்களுக்கான குறைப்பு என் ஆயுள் முழுதும் தொடரும். எனக்குப் பின் என் மனைவிக்கு வரக்கூடிய தொகையும் குறையும்.

வேலையை விட்டவருக்கும், வரம்புக்குள் சம்பாதிப்பவருக்கும், பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், 62 வயதிலேயே எடுப்பது நல்ல முடிவாக இருக்கக்கூடும். முழு ஓய்வு வயதை எட்டிய மாதம் முதல் வருமான வரம்பே கிடையாது. முழுச் சம்பளத்தில் இருப்பவர்கள் மட்டும், யார் எந்தத் தாளைக் காட்டினாலும், முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலேயே நேரடியாகக் கேளுங்கள். வருமானக் கேள்விக்கு உங்கள் கையால் விடை எழுதுங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், ஓய்வூதிய உரிமை தொடங்கி 12 மாதங்களுக்குள் விண்ணப்பத்தை ஒருமுறை திரும்பப் பெறலாம். குடும்பம் பெற்ற பணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கெடு கடந்திருந்தால், திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தவணையும் கேட்கலாம். எனக்கு 12 மாதங்கள் கடந்துவிட்டதால் தவணையில் கட்டிவருகிறேன். அந்த முகவர் மீது மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.