பாஸ்பேட் உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ குருணை: ஐந்து மாதம் ஓட்டிய பிறகு

என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பாறையே தெரியாத அளவுக்கு முடிப்பாசி மண்டியபோது இந்தக் குருணையை வாங்கினேன். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவை முதல் நாளே அப்படியே கொட்டிவிடாதீர்கள்.

ஜி.எஃப்.ஓ என்பது குருணை வடிவ இரும்பு ஆக்சைடு, பார்க்கத் துருப்பிடித்த மணல் மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பாசியைக் கொல்லாது, அதன் சாப்பாட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். பாசியின் இன்னொரு சாப்பாடான நைட்ரேட்டைக் குறைக்க, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் தண்ணீர் மாற்றுவதையும்தான் நம்பவேண்டும்.

போடுவதற்கு முன் ஆர்.ஓ தண்ணீரில் பழுப்பு நிறம் போகும்வரை அலச வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூள் தொட்டி முழுக்கப் பரவும். குருணையை வைத்து அதன் ஊடே தண்ணீரை ஓடவிடும் கலனான ரியாக்டரில் மேல் அடுக்கு மட்டும் லேசாகப் புரண்டால் போதும். வேகம் கூடினால் குருணைகள் உரசிப் பொடியாகின்றன, குறைந்தால் கட்டிதட்டுகின்றன.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். நான் முழு அளவு போட்டேன். பாஸ்பேட் 0.28 பிபிஎம்மில் இருந்து நான்கே நாளில் 0.04க்கு இறங்கியது, எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனால் அந்த வாரமே ஒரு ஆக்ரோபோரா பவளம் அடியிலிருந்து தோலுரிந்து வெளுக்க ஆரம்பித்து என்ன செய்தும் பிழைக்கவில்லை. இரண்டு வருடம் வளர்த்தது அது. அதற்கப்புறம் கால் பங்குதான் போடுகிறேன், வாராவாரம் சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். பூஜ்யத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சுத்தமாக இல்லாமல் போனால் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் வரும் வாய்ப்பு கூடும், குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி போலப் படரும் அதைப் பார்த்தால் முடிப்பாசியே தேவலை என்று தோன்றும்.

இன்னொன்று, முதல் குருணையின் உறிஞ்சும் திறன் பத்து நாளில் தீர்ந்தது. பொருள் மட்டம் என்று நினைத்தேன், அது தவறு. பாறையும் மணலும் தமக்குள் சேர்த்துவைத்திருந்த பாஸ்பேட்டை மெல்ல மெல்லத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தன. இப்போது ஒரு தடவை போட்டால் ஐந்து வாரம் வருகிறது. ரியாக்டரில் இருந்து வெளியே வரும் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனியே சோதியுங்கள், இரண்டிலும் பாஸ்பேட் ஒரே அளவாக இருந்தால் குருணையின் திறன் தீர்ந்துவிட்டது. பாசி மண்டிய தொட்டியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டினால் நம்பாதீர்கள், கிடைப்பதையெல்லாம் பாசியே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

பாசியைக் கையால் பிடுங்காமல் இருந்திருந்தால் எனக்குப் பலன் தெரிந்திருக்காது. பாறையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன், மீதியை டர்போ நத்தைகள் மேய்ந்தன. மூன்றாவது மாதத்தில்தான் பாறையில், நல்ல அறிகுறியான ஊதா நிறக் கோரலின் பாசி தலைகாட்டியது. குமிழ்ப்பாசியில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை, அதை உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதை இப்போது வாங்க வேண்டாம், அந்தத் தண்ணீரிலேயே பாஸ்பேட் இருக்கலாம். முதலில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் ஆர்.ஓ டி.ஐ (ஆர்.ஓவுக்குப் பின் அயனிகளையும் நீக்கிய) தண்ணீருக்கு மாறுங்கள். மற்றவர்கள் வாங்கலாம், கூடவே குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் பாஸ்பேட் மீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். என் தொட்டியில் இன்று காலை பாஸ்பேட் 0.06, நைட்ரேட் 5.