சுற்றறிக்கையா, நேர்ப்பேச்சா? இரவு தங்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கு வீட்டாரையும் பிள்ளைகளையும் தயார்செய்வது எப்படி

பகலில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலா என்றால் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை. புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஓர் இரவு வெளியே தங்க வேண்டும் என்று சொன்ன கணமே வீட்டின் பேச்சு மாறிவிடும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போகிறோம் என்றபோது, அங்கே என்ன பார்க்கலாம் என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. "பிள்ளையை எங்கே படுக்க வைப்பீர்கள், டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். 2019இல் ஒரு முறை, 2025இல் ஒரு முறை அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் வேறு வேறு வழிகளில் தயார்செய்தோம். எந்த வழி கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

காகிதமும் கூட்டமும்

முதல் முறை சுற்றறிக்கையை மட்டும் நம்பினோம். அதற்கு நல்ல பக்கம் உண்டு. புறப்படும் நேரம், கட்டணம், கொண்டுவர வேண்டியவை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பெற்றோரின் கையெழுத்து இருக்கும். பின்னால் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தத் தாளில் "மாணவருக்கு நோய் ஏதும் உண்டா?" என்று ஒரு வரி இருந்தது. நாற்பது தாள்களிலும் "இல்லை" என்றே வந்தது. நிம்மதியாகப் புறப்பட்டோம். இரவு உணவுக்குப் பஸ் நின்ற இடத்தில் ஒரு சிறுமி என் புடவை முந்தானையை இழுத்து, "டீச்சர், அவள் மாத்திரை போட வேண்டும். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அழுகிறாள்" என்றாள். பார்த்தால், கைக்குட்டையில் முடிந்து பாவாடை இடுப்பில் செருகியிருந்த வலிப்பு மாத்திரை. நோய் இருக்கிறது என்று எழுதினால் மகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அந்தத் தகப்பனார் பயந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். நாங்கள் கேட்ட கேள்வி, பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவதற்கான கேள்வியைப் போலத்தான் இருந்தது.

இரண்டாம் முறை கூட்டம் போட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தபோது வந்தவர்கள் 17 பேர். மற்றவர்கள் வயலிலும் நூறுநாள் வேலையிலும் இருந்தார்கள். மறுவாரம் இரவு ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்திலேயே விளக்குப் போட்டு வைத்தோம். ஏறத்தாழ எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது வந்தார்கள். அப்பாக்கள் பணத்தைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் உரக்கக் கேட்டார்கள். அம்மாக்கள் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, குழாயடிப் பக்கம் நின்றிருந்த ஒரு தாய் மெதுவாக அருகில் வந்தார். "போன இடத்தில் பிள்ளை பெரியவளாகிவிட்டால் என்ன செய்வீர்கள், டீச்சர்?"

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளை அனுப்பும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும். எந்தப் படிவத்திலும் இதற்கு இடம் இருக்காது. நான் சொன்னேன்: "நாங்கள் இரண்டு டீச்சர்கள் கூடவே படுக்கிறோம், அம்மா. நாப்கினும் மாற்றுத்துணியும் என் பையில் இருக்கும். முதல் போன் உங்களுக்குத்தான். உடன் வரும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

தாளையும் மாற்றியிருந்தோம். "நோய் உண்டா?" என்பதை எடுத்துவிட்டு, "இரவில் உங்கள் பிள்ளைக்கு எங்களால் என்ன உதவி வேண்டும்? எதைச் சொன்னாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டோம்" என்று எழுதினோம். இந்த முறை ஆறு தாள்களில் பதில் இருந்தது. இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை, தூக்கத்தில் எழுந்து நடக்கும் பிள்ளை, படுக்கையை நனைத்துவிடும் இரண்டு பையன்கள். அந்த இருவரையும் இரவு பதினொன்றுக்கு எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பினால் போதும். தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் அந்தப் பையன் வருடக்கணக்கில் சுமக்கும் அவமானம்.

ஆகவே என் தீர்ப்பு: கூட்டம் முதலில், தாள் பிறகு, அதுவும் கூட்டத்திலேயே கையில் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரமாவது ஆசிரியர்கள் வீட்டுக்கு ஓடாமல் நிற்க வேண்டும். உண்மையான கூட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப் குழு செய்தி சொல்ல உதவும், கேள்வி கேட்க உதவாது. நாற்பது வீடுகள் பார்க்கும் இடத்தில் எந்தத் தாய் தன் மகன் படுக்கையை நனைப்பான் என்று எழுதுவார்?

இரவு பஸ்ஸும் இரவு ரயிலும்

கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான். விழுப்புரத்திலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 550 கிலோமீட்டர். பஸ்ஸுக்கு வாதாடியவர்களிடமும் நியாயம் இருந்தது: பள்ளி வாசலில் ஏறிக் கடற்கரை வாசலில் இறங்கலாம், வேற்றாள் யாரும் ஏற மாட்டார்கள், பை தொலையாது. 2019இல் நாங்கள் அப்படித்தான் போனோம். விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டுநர் கொட்டாவி விடுவதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். அந்த இரவை நான் மறக்கவில்லை.

2022 அக்டோபர் 5 இரவு, எறணாகுளம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் கேரள அரசு பஸ்ஸின் பின்புறம் மோதியது. 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். அதற்குப் பிறகு பிள்ளைகளை இரவு பஸ்ஸில் ஏற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. பகலில் பஸ் என்றால் சரி; ஆனால் இந்தத் தூரத்துக்கு ஒரு பகல் முழுதும் சாலையிலேயே போய்விடும்.

ரயிலில் படுக்கலாம், கழிப்பறை இருக்கிறது, வாந்தி குறைவு. இன்னொரு வசதியும் உண்டு: கன்னியாகுமரி கடைசி நிலையம். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அவசரமில்லாமல் எண்ணி எண்ணி இறக்கலாம். கல்விச் சுற்றுலாவுக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் மாணவர்களுக்கு 50 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. தலைமையாசிரியரின் கடிதத்தோடு முன்பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் தொடங்குகிறது என்பதால், கூட்டத்தை அதற்கும் முன்பே நடத்திவிடுவது நல்லது. ரயிலின் ஆபத்து கதவுதான். ஒரு தடுப்பில் எட்டுப் படுக்கை. கதவுப் பக்கத்துத் தடுப்புகளில் ஆசிரியர்கள் படுத்தோம். தூக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு என் எதிரிலேயே கீழ்ப்படுக்கை.

பட்டியலும் ஒத்திகையும்

கொண்டுவர வேண்டியவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால், அது பிள்ளையைத் தயார்செய்வதில்லை, அம்மாவைத்தான் தயார்செய்கிறது. பையை அடுக்குபவர் அவர்தான். 2019இல் விடுதியில் ஒரு பையன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து முறுக்கு டப்பாவையும் விலைச்சீட்டு கிழிக்காத புதுத் துண்டையும் பார்த்துவிட்டு, "சோப்பு எங்கே என்று அம்மாவுக்குத்தான் தெரியும்" என்று நின்றான். சோப்பு பக்கப் பையிலேயே இருந்தது.

இரண்டாம் முறை புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை எல்லாரும் பையோடு பள்ளிக்கு வந்தார்கள். வகுப்பறைத் தரையில் கொட்டி, தாங்களே மடித்து, தாங்களே அடுக்கினார்கள். தன்னால் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற முடியாத பையிலிருந்து பொருள்களைக் குறைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, கூப்பிட்டதும் ஒன்று முதல் நாற்பதுவரை வரிசையாகச் சொல்லப் பழக்கினோம். முதலில் தடுமாறினார்கள். பத்தாவது முறை அரை நிமிடத்தில் முடித்தார்கள். சுண்ணாம்புக் கோட்டால் ரயில் பெட்டி வரைந்து ஏறி இறங்கவும் பழகினோம். பள்ளியிலேயே ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஆறாம் வகுப்பு என்றால் அதைச் செய்வேன். எட்டாம் வகுப்புக்கு இந்த ஒத்திகை போதும்.

கடல், பணம், போன்

"கால் மட்டும் நனைக்கலாம்" என்பதா, "தண்ணீரில் இறங்கவே கூடாது" என்பதா? இதில் இரண்டு பேச்சுக்கே இடமில்லை. 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போன பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். கணுக்கால் அளவு என்று பிள்ளை நினைக்கிற இடத்தில் எல்லை போட முடியாது. இந்த விதியைக் கூட்டத்தில் பெற்றோரையே தங்கள் பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னோம். படகும், 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் இருந்ததால் பிள்ளைகளுக்குக் குறையில்லை.

பணம்: எல்லாவற்றையும் ஆசிரியர் வைத்திருப்பதைவிட, பிள்ளை கையில் 200 ரூபாய், பத்தும் இருபதுமாக. இல்லாதவர் மனம் வாடாதபடி அதுவே எல்லாருக்கும் உச்சவரம்பு.

போன் பிள்ளைகளிடம் வேண்டாம். இரண்டு ஆசிரியர்களின் எண்கள் எல்லா வீட்டிலும் இருக்கும்; பட்டன் போன் வைத்திருக்கும் வீடுகளுக்கு நாங்களே அழைப்போம். இரவு படுக்கும் முன் அம்மாவோடு பேசவைத்தால் ஒரு பிள்ளை அழும், அதைப் பார்த்து ஒன்பது பிள்ளைகள் அழும். காலையில் சூரிய உதயம் பார்த்த கையோடு பேசவைத்தோம். எல்லாருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது.

திரும்பும் ரயில் விழுப்புரம் வருவது விடிவதற்கு வெகுநேரம் முன்பு. பெற்றோரை அந்நேரத்துக்கு வரச்சொல்வதா, பிள்ளைகளைக் காத்திருப்பு அறையில் உட்காரவைத்து முதல் பஸ்ஸில் அழைத்துவருவதா என்று யோசித்து, இரண்டாவதையே அறிவித்திருந்தோம். ஆறு மணிக்கு மேல் பள்ளி வாசலுக்கு வந்தால் போதும் என்று கூட்டத்தில் இரண்டு முறை சொன்னோம். ரயில் நின்று, எண்ணத் தொடங்கி, "முப்பத்தொன்பது, நாற்பது" என்று குரல் முடிந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். நடைமேடையில் தலைக்கு மப்ளர் சுற்றிய பன்னிரண்டு அப்பாக்கள் குந்தியிருந்தார்கள்.