லட்சம்–கோடியா, மில்லியனா?

பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இந்தியப் பொது அறிவு நூல்களைப் புரட்டும்போது முதலில் தடுக்குவது காற்புள்ளியில்தான். இந்தியாவின் பரப்பளவு 32,87,263 சதுர கிலோமீட்டர் என்று அச்சாகியிருக்கும். அச்சுப்பிழையோ என்று தோன்றும். பிழையில்லை. லட்சம்–கோடி முறையில் வலமிருந்து முதல் 3 இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி, பிறகு இரண்டிரண்டாக. மில்லியன் முறையில் எல்லாமே மும்மூன்று: 3,287,263.

மாற்றும்போது காற்புள்ளிகளை முழுவதும் அழித்துவிட்டு, வலமிருந்து மும்மூன்றாக மறுபடி போடுங்கள். இருக்கும் காற்புள்ளியை நகர்த்தப் பார்ப்பவர்களே அதிகம் தவறுகிறார்கள்.

10 லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி 10 மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை சுமார் 121 கோடி, அதாவது 1.21 பில்லியன். இதை 121 மில்லியன் என்று எழுதினால் பத்தில் ஒரு பங்காகிவிடும். கோடியை அப்படியே மில்லியனாக வாசிப்பதுதான் காரணம். மலாய் ‘ஜூத்தா’வும் மில்லியன்தான், கோடியல்ல.

எது மேல்? வாயால் சொல்ல லட்சமும் கோடியும் சுருக்கம்; 14.96 கோடி கிலோமீட்டர் என்றால் சூரியனின் சராசரித் தூரம் நாவில் நிற்கிறது. கணக்குத் தாளுக்கு மில்லியனே சரி, இங்குள்ள பாடநூல்களும் அதையே கேட்கின்றன. ஒரே விடையில் இரண்டையும் கலக்காதீர்கள். ‘3 மில்லியன் 2 லட்சம்’ என்பது கணக்கில் சரியாக வந்தாலும், திருத்துபவரைத் திண்டாட வைக்கும்.