அட்டைப்பெட்டியில் பெரிய எண் உள்ள போனா, சிறிய எண் உள்ளதா?

ஒரே விலையில் இரண்டு போன். ஒன்றில் 108 மெகாபிக்சல், 6000 எம்ஏஎச், "8+8 ஜிபி ராம்". மற்றதில் 50 மெகாபிக்சல், 5000 எம்ஏஎச், வெறும் 8 ஜிபி.

கேமரா
பெரிய எண்: ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி, வழக்கமாக 12 மெகாபிக்சல் படமே சேமிக்கும்.
சிறிய எண்: நான்கை ஒன்றாக்கி 12.5.
ஆக, படம் ஏறத்தாழ ஒரே அளவுதான். இரவில் கைகொடுப்பது சென்சார் அளவும், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஓஐஎஸ்ஸும். கூடவே வரும், மிக அருகில் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா சும்மா எண்ணிக்கைக்கு.

வேகம்
அந்த இரண்டாவது "8" சேமிப்பகத்திலிருந்து எடுத்த இடம்; நிஜ ராம் வேகம் வராது. பலரும் பார்க்கத் தவறுவது சேமிப்பக வகையை.
இஎம்எம்சி 5.1 (பழைய வகை): வினாடிக்குச் சுமார் 300 எம்பி படிக்கும். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் முடியாது; பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகும்போது போன் திணறுவதற்கு இது முக்கியக் காரணம்.
யுஎஃப்எஸ் 3.1 (வேகமான வகை): 2000 எம்பியைத் தொடும், இரண்டையும் சேர்த்தே செய்யும்.

பேட்டரி
இங்கே எண் பொய் சொல்லாது, சிப் சார்ஜை அதிகம் தின்னும் பழைய 12 நானோமீட்டர் தயாரிப்பாக இல்லாதவரை.

நாள் முழுக்க வீடியோ, அழைப்பு என்றால் 6000 எம்ஏஎச் போன் போதும். நான்கு வருடம் ஓட்டவேண்டும் என்றால் யுஎஃப்எஸ் உள்ளதை எடுங்கள். செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.