ஜெர்மனியில் முதல் வருடம்: வோன்ஹைமா, வேகேயா, நம்ம பசங்களோடு ஒரு வீடா?

ஆகஸ்ட் வந்தால் போதும், ஊரிலிருந்து தம்பி தங்கைகளின் மெசேஜ் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, அட்மிஷன் வந்துருச்சு, விசா அப்பாயின்ட்மென்டும் கிடைச்சுருச்சு. எங்க தங்குறதுன்னு மட்டும்தான் தெரியல." பாடத்தைப் பற்றியோ பேராசிரியரைப் பற்றியோ அதிகம் பேர் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது சரியான கேள்விதான். முதல் ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அந்த அறையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸில் முதுகலை படித்தபோது நான் மூன்று விதமாகவும் இருந்துவிட்டேன். முதல் வருடம் வோன்ஹைம், அதாவது மாணவர் விடுதி. அப்புறம் நம்ம ஊர்ப் பசங்க நாலு பேராகச் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. கடைசியில் வேகே: ஆளுக்கொரு அறை, சமையலறையும் குளியலறையும் பொது, கூட இருப்பவர்கள் ஜெர்மன் மாணவர்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்துக்கு வோன்ஹைம், அது எவ்வளவு பழைய கட்டடமாக இருந்தாலும் சரி. கொஞ்சம் மொழி வந்தபின் வேகே. நம்ம பசங்களோடு தனி வீடு எடுப்பது தப்பில்லை, ஆனால் எல்லோரும் நினைப்பதுபோல் அது எளிய வழி இல்லை. மூன்றிலும் காகித வேலை அதிகம் அதில்தான், பொறுப்பும் அதில்தான்.

வாடகையை ஒப்பிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த முகவரியில் அன்மெல்டுங் செய்ய முடியுமா? குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச் சீட்டு தேவை. வரி எண் அந்த முகவரிக்குத்தான் வரும், பகுதிநேர வேலைக்குப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். விசாவை வதிவிட அனுமதியாக மாற்றும்போதும் பதிவுச் சீட்டைக் கேட்பார்கள். வோன்ஹைமில் இது ஒரு பிரச்சினையே இல்லை, ஒப்பந்தத்தோடு சீட்டும் கைக்கு வந்துவிடும். வேகேயில் கேட்டு வாங்க வேண்டும். நண்பர்கள் வீட்டில்தான் சிக்கல். "நீ வந்து தங்கிக்க, பதிவு மட்டும் வேற எங்கயாவது பண்ணிக்க" என்று சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வீட்டுக்காரருக்கு மூன்று பேர் என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் இருக்கும் வீடாக அது இருக்கும். அங்கே நீங்கள் சட்டப்படி இல்லாத ஆள்.

சரி, பணத்துக்கு வருவோம். ப்ளாக்டு அக்கவுன்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கில், 2024 செப்டம்பரிலிருந்து கட்ட வேண்டிய தொகை வருடத்துக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். மருத்துவக் காப்பீட்டுக்கே 140 யூரோவுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கால்ட்மீட்டே, 'குளிர் வாடகை' என்று நேராகச் சொல்லலாம். அதில் வெப்பமும் தண்ணீரும் சேராது. இவை சேர்ந்தது வார்ம்மீட்டே. மின்சாரமும் இன்டர்நெட்டும் பல வீடுகளில் அதற்கும் மேல் தனி. வோன்ஹைம் வாடகையில் பெரும்பாலும் எல்லாமே அடக்கம். அதனால் விடுதி அறை 290, நண்பர்கள் வீட்டில் தலைக்கு 190 என்று பார்த்து இரண்டாவதுதான் மலிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என் விஷயத்தில் வித்தியாசம் நாற்பது யூரோகூட இல்லை.

ஒரே ஓர் இடத்தில் வோன்ஹைம் கொஞ்சம் கடிக்கும். ரேடியோ, டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. நாலு பேர் வேகேயில் இருந்தால் நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் விடுதியில் உங்கள் அறைக் கதவு பொதுத் தாழ்வாரத்தில் திறந்தால் அந்த ஓர் அறையே ஒரு வீடு என்று கணக்கு, முழுத் தொகையும் உங்கள் தலையில்.

வோன்ஹைமை நடத்துவது ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. மாணவர் கேன்டீனான மென்சாவையும் அதுதான் நடத்துகிறது. அறையில் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி இருக்கும். இரண்டு பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது தனி வீடு எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். குறைகளும் உண்டு. அறை சிறியது. பல விடுதிகளில் செமஸ்டர் முடியும் முன் காலி செய்ய விட மாட்டார்கள். பொதுச் சமையலறையில் யாரோ வைத்துவிட்டுப் போன பாத்திரம் மூன்று நாள் அப்படியே கிடக்கும்.

அந்தச் சமையலறையில்தான் எனக்கு நண்பர்களும் கிடைத்தார்கள். முதல் வாரம் பருப்புக்குக் குக்கர் வைத்தேன். முதல் விசில் அடித்ததும் எதிர் அறை ஜெர்மன் பையன் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பின்னால் இழுத்தான். வெடிக்கப் போகிறது என்றே நினைத்துவிட்டான். அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் "இது மூணாவது, அணைச்சுடு" என்று அவனே எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டான். குப்பையை எப்படிப் பிரிப்பது, எந்தப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும், இரவு பத்து மணிக்கு மேல் ஏன் சத்தம் கூடாது என்பதெல்லாம் அந்த அடுப்பருகில் கற்றதுதான். பல விடுதிகளில் டியூட்டர் என்று ஒரு மூத்த மாணவரும் இருப்பார். முதல் வாரம் நகர அலுவலகத்துக்கு உங்களோடு வரக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அடுத்தது நம்ம பசங்களோடு வீடு. கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஜெர்மனி ஊர்களில் காலி வீடுகள் நிறைய, வாடகையும் குறைவு. அதனால் மனம் இதில்தான் முதலில் போகும். சாம்பாரும் ரசமும் உண்டு. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், கதவைத் திறந்ததும் தமிழ் காதில் விழுவது பெரிய ஆறுதல்.

ஆனால் வீடு என்றால் அங்கே நான்கு சுவர்தான். பல ஜெர்மன் வாடகை வீடுகளில் அடுப்பும் சமையலறைத் தொட்டியும்கூட இருக்காது, முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். எங்கள் வீட்டில் கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கியது, பல்பு இல்லை. முதல் இரவு மொபைல் வெளிச்சத்தில் பாய் விரித்தோம். பழைய அடுப்பு, ஃப்ரிட்ஜ், மெத்தை என்று தலைக்கு 300 யூரோ ஆனது. அட்வான்ஸ் தனி. அது மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல் மொத்தத்தையும் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர். எங்கள் வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தது, அதில் ஒன்று என் பெயர். வெப்பச் செலவுக்கு மாதாமாதம் கட்டுவது ஒரு முன்பணம் மட்டுமே. வருடக் கணக்கை முடித்து மிச்சத்தை வீட்டுக்காரர் பின்னால் கேட்பார், கணக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் வரைக்கும் அவருக்கு அவகாசம் உண்டு. நாங்கள் இருந்தது எரிவாயு விலை ஏறியிருந்த சமயம். ஜன்னலைச் சரித்துத் திறந்துவைத்துவிட்டு ஹீட்டரையும் முழுதாக வைப்போம், அது வெப்பத்தை வீணாக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கணக்கு வந்தபோது பாக்கி 1,100 யூரோவைத் தாண்டியிருந்தது. அதற்குள் ஒருவர் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டார், இன்னொருவர் இன்டர்ன்ஷிப்பில் இருந்தார். ஒப்பந்தத்தில் இருவர் பெயர் இருந்தாலும் முழுத் தொகையையும் அந்த இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. இருவரும் கட்டினோம். போனவர்களிடம் கேட்டு வாங்குவதற்குள் நட்பில் விழுந்த கீறல் இன்னும் ஆறவில்லை. பணத்தைவிட அதுதான் வலிக்கிறது.

அதனால் இந்த வழியில் போவதாக இருந்தால், இருக்கும் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். போகிறவர் தன் பங்குக்கு நூறு, இருநூறு யூரோ வைத்துவிட்டுப் போவது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காலி செய்வதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, மொழி. வீட்டில் தமிழ், ஆய்வகத்தில் ஆங்கிலம் என்று ஒரு வருடம் போனால் ஜெர்மன் ஏ2 என்ற தொடக்க நிலையைத் தாண்டாது. வேலை தேடும் சமயத்தில்தான் அந்த இழப்பு தெரியும்.

வேகே கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தபின் சுகம். வேகே-கெசுக்ட் தளத்தில் விளம்பரம் பார்த்து எழுதுவீர்கள். ஐம்பது பேருக்கு எழுதினால் ஐந்து பேர் பதில் போடுவார்கள். அப்புறம் நேரில் கூப்பிடுவார்கள். அதை காஸ்டிங் என்றே சொல்வார்கள். என் காஸ்டிங் ஒரு சமையலறை மேசையில், மூன்று பேர், ஒரு கெட்டில் டீ. என்ன படிக்கிறேன் என்பதை ஒரு வரியில் கேட்டு முடித்துவிட்டார்கள். மீதி அரைமணி நேரமும் வேறு பேச்சு: ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய், குளியலறை அழுக்காக இருந்தால் நேரில் சொல்வாயா மனதில் வைத்துக்கொள்வாயா, விருந்தாளி எத்தனை நாள் தங்குவார். நம்மில் பலர் இங்கே மார்க்கையும் வேலை அனுபவத்தையும் சொல்லித் தோற்கிறோம். அவர்கள் தேடுவது தினமும் ஒரே மேசையில் உட்காரப்போகும் ஆளை. விளம்பரத்தில் "ட்ஸ்வெக்-வேகே இல்லை" என்று போட்டிருந்தால், வாடகைக்காக மட்டும் சேர்ந்திருக்கும் வீடு இல்லை, சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் வீடு என்று பொருள். கதவை மூடிக்கொண்டு படிக்கிற சுபாவம் என்றால் அதற்கு எழுத வேண்டாம், ட்ஸ்வெக்-வேகேயே உங்களுக்கு நல்லது.

சுத்தம் செய்யும் முறைப் பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். உங்கள் வாரத்தைத் தவறவிட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள். முதலில் சுருக்கென்று இருக்கும், பிறகு அதுவே நிம்மதி, ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் பேச்சு இருக்காது. ஒருமுறை காப்பீட்டு அலுவலகத்திலிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்து நான் பயந்துபோயிருந்தேன். வீட்டுத்தோழி அதை மேசையில் விரித்து, பென்சிலால் இரண்டே இடத்தில் கோடு போட்டாள். ஒன்று கடைசித் தேதி, இன்னொன்று அனுப்ப வேண்டிய சான்றிதழின் பெயர். "மத்ததெல்லாம் எல்லாருக்கும் போடுறது" என்றாள். அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் தேதியைத்தான் தேடுகிறேன்.

தனியார் கம்பெனிகள் நடத்தும் ஒற்றை அறை அபார்ட்மென்டுகளும் உண்டு. பளபளப்பாக இருக்கும், ஊரிலிருந்தே ஆன்லைனில் புக் செய்யலாம். பல ஊர்களில் மாதம் 600 யூரோவுக்கு மேல். கல்விக் கடனில் வருபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஊரைப் பொறுத்தும் கணக்கு மாறும். கெம்னிட்ஸில் விடுதி அறை கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை. முனிக்கில் விடுதிக்குக் காத்திருப்பு செமஸ்டர் கணக்கில் போகும், வேகே அறைக்கே 700, 800 யூரோ கேட்கிறார்கள். அங்கே போகிறவர் எது நல்லது என்று யோசிக்க நேரமில்லை. விடுதிக்கு விண்ணப்பித்துவிட்டு, யாராவது வெளியூர் போகும் சில மாதங்களுக்கு விடும் இடைக்கால அறையான ட்ஸ்விஷன்மீட்டேயில் இறங்குவதுதான் நடைமுறை. அதிலும் அன்மெல்டுங் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். எந்த ஊரானாலும் விடுதி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அட்மிஷன் வரும் முன்பே விண்ணப்பிக்க விடும் ஊர்களும் உண்டு. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதும் வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அது மோசடி, பதிலே போடாதீர்கள்.

எந்த வீடாக இருந்தாலும், சாவி வாங்கிய அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். அங்கே முகவரியில் கட்டடத்துக்குள் எந்த வீடு என்ற எண் பெரும்பாலும் இருக்காது, தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் இருக்கும், கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும். நான் என் பெயரை மட்டும் ஒட்டி வைத்திருந்தேன். வங்கி அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள்.