டின்பால் நிறத்துக்காக ஹட்டன் பெயிண்ட் கடைக்கு மூன்று நடை

எங்கள் வீட்டு ஹோலின் நிறத்துக்கு அம்மா வைத்த பெயர் டின்பால். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. தேத்தண்ணியில் விடுவதற்கு முன் கரண்டி நுனியில் கனத்து நிற்குமே, அந்த நிறம். 2018இல் இலங்கை மலையகத்து டிக்கோயாவில் வீட்டைக் கட்டி முடித்தபோது கலர் கார்டில் அம்மாவே விரல் வைத்துக் காட்டியது. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் அடித்துவிடுகிற சுண்ணாம்புச் சுவர்தான் அவருக்குத் தெரிந்த சுவர். தானாகப் பார்த்து எடுத்த முதல் கலர் இது என்பதால், வேறு நிறம் அடிக்கிற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

போன ஜூலையில் மழை ஜன்னல் சுவரைக் கெடுத்துவிட்டது. தென்மேல் பருவப்பெயர்ச்சி காலத்தில் எங்கள் பக்கம் மழை நேராக விழாது, காற்றோடு சாய்ந்து அடிக்கும். ஜன்னல் நிலைக்குப் பக்கத்தால் தண்ணீர் இறங்கி, பூச்சு ஊதி, பெயிண்ட் அப்பளம் மாதிரிக் கழன்றது. அந்த ஒரு சுவரை மட்டும் கொத்திப் புதிதாகப் பூசினோம். மற்ற மூன்று சுவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு சுவருக்கு அதே டின்பால் வேண்டும். ஆனால் நாங்கள் முன்பு அடித்த கம்பனியின் கார்டில் அந்த நிறம் இப்போது இல்லை.

முதலில் போன கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பழைய டின் மூடியில் இருந்த நம்பரைக் காட்டினேன். “இது போதும், எங்க மெசின்ல மத்தக் கம்பனி நம்பரும் இருக்கு” என்று தட்டி, நாலு லீட்டர் கலக்கித் தந்துவிட்டார்கள். ஈரமாக இருந்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால், வடிகஞ்சியில் பீட்ரூட் தண்ணீர் ஒரு துளி விழுந்த மாதிரி சுவர் முழுக்க ஒரு ரோசாச் சாயல். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை அந்தச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். கலர் கலந்த டின்னைக் கடைகள் திருப்பி எடுப்பதில்லை, ஆகவே காசு போனது போனதுதான்.

அதற்குப் பிறகு போனதுதான் நான் எழுத வந்த கடை. ஹட்டன் டவுணில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். முன்பக்கம் ஆணி, பைப், தகரம் என்று சாதாரண ஹார்ட்வெயார் கடை மாதிரித்தான் இருக்கும். உள்ளே போனால் கலர் மெசின். அதில் நிற்கிற அண்ணனுக்காகத்தான் இந்தக் கடையைச் சொல்கிறேன்.

டின் மூடியை நீட்டினேன். அவர் நம்பரைப் பார்க்கவே இல்லை.

“சுவத்துல இருந்து ஒரு துண்டு கொண்டு வந்தீங்களா டீச்சர்?”

கொண்டு போயிருந்தேன். சாமிப் படத்தைக் கழற்றி, அதன் பின்னால் பிளேடால் கீறி எடுத்த, ஐந்து ரூபா குத்தி அளவுத் துண்டு. விரல் நுனியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதை எந்த இடத்துல எடுத்தீங்க?”

சொன்னேன்.

“படத்துக்குப் பின்னால வெயிலும் படல, புகையும் படல. இது நீங்க வீடு கட்டினப்ப இருந்த கலரு. உங்களுக்கு வேணும்ங்கிறது இன்னைக்குச் சுவத்துல இருக்கிற கலரு. புதுச் சுவரு ஒட்டுற மூலைக்குப் பக்கத்துல எடுத்துட்டு வாங்க. சவர்க்காரத் தண்ணியில துணியை நனைச்சு மெதுவாத் துடைச்சிட்டு எடுங்க.”

எங்கள் குசினியில் இன்றைக்கும் விறகடுப்புதான், கவ்வாத்து மிலாறுதான், அதாவது வெட்டிக் கழித்த தேயிலைக் கிளைதான், எரிக்கிறோம். அந்தப் புகை ஹோலுக்குள்ளும் வருகிறது. வீட்டுக்கு வந்து இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. வெளியே இருந்தது ஒரு படி கனத்த நிறம்.

இரண்டாம் நடையில் ஒன்றரை மணித்தியாலம் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதை யாரும் எனக்கு முன்பு சொல்லவில்லை.

பெயரை வைத்துக் கலர் தேடவே கூடாது. டூலக்ஸ், நிப்பொன், மல்டிலக், ரொபியலக் என்று கார்டுகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. ஒரு கம்பனியின் ஐவரியும் இன்னொரு கம்பனியின் ஐவரியும் ஒன்றல்ல. நம்பரை வைத்துத் தேடினாலும் ஆபத்துத்தான், ஏனென்றால் கலக்குகிற வெள்ளையே கம்பனிக்குக் கம்பனி வேறு. சில வெள்ளை லேசாக நீலம் தட்டும். வேட்டியைச் சொட்டுநீலத்தில் அலசினால் பளிச்சென்று தெரிகிறதே, அந்தச் சங்கதிதான். அதே அளவு சாயத்தை இரண்டு வெள்ளையில் ஊற்றினால் இரண்டு நிறம் வரும். கடும் பச்சை, கடும் நீலம் என்றால் கொஞ்சம் தவறினாலும் கண் விட்டுவிடும். டின்பால் மாதிரி நிறத்துக்கு நாலு லீட்டருக்கும் சேர்த்துச் சில மில்லிலீட்டர் சாயம்தான் விழுகிறது. அதில் ஒரு துளி கூடினாலும் சுவரில் தெரியும்.

துண்டை ஒரு சின்னக் கருவியின் கண்ணில் வைத்து அமத்தினார். கணினியில் கலவை வந்தது: மஞ்சள் ஒக்சைட் இத்தனை, கறுப்பு இத்தனை. பக்கத்தில் 0.8 என்று ஓர் எண். இரண்டு நிறத்துக்கும் உள்ள தூரம் அது, ஒன்றுக்குக் கீழே வந்தால் கண் பிடிப்பது கஷ்டம் என்றார். முதல் கடையாக இருந்தால் அங்கேயே வாளியைக் குலுக்கியிருப்பார்கள். இவர் கொஞ்சத்தை யோகட் கப் ஒன்றில் கலக்கி, மட்டையில் பூசி, முடி காயவைக்கிற மெசினால் காயவைத்தார். ஈரத்தில் பார்க்காதீர்கள், காய்ந்தால் நிறம் மாறும் என்றார். காய்ந்த மட்டையையும் என் துண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே போனார். மூடுபனி வெளிச்சத்தில் மட்டையில் மெல்லிய பச்சை ஓடுவது எனக்கே தெரிந்தது.

“மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தா பச்சைதான் எட்டிப் பார்க்கும் டீச்சர். கறுப்பைக் கொஞ்சம் குறைச்சு, சிவப்பு ஒக்சைட் ஒரு சொட்டு விடுவோம்.”

இரண்டாவது கப். மூன்றாவது கப். மூன்றாவதை என் துண்டின் மேல் வைத்தபோது ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

அப்போதும் பெயிண்டைத் தரவில்லை. மட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்து வெள்ளையைக் கத்தரித்து, “காலையில ஜன்னல் வெளிச்சத்துல ஒருக்கா, ராத்திரி பல்ப் வெளிச்சத்துல ஒருக்கா வெச்சுப் பாருங்க” என்று தந்தனுப்பினார். பூசி எத்தனை நாள் என்றும் கேட்டார். ஆறு கிழமை என்றதும்தான் சரி என்றார். சீமெந்துப் பூச்சு 28 நாளாவது காய வேண்டும், நம்ம பக்கத்து ஈரத்துக்கு அதற்கு மேலும் விட்டால் நல்லது என்பது அவர் கணக்கு.

காலையில் மட்டை சுவரோடு சுவராக மறைந்தது. இரவில் எல்ஈடி பல்புக்குக் கீழே மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக நின்றது. பயந்து போனேன். ஒரு கம்பனி பாவிக்கிற சாயமும் மற்றது பாவிக்கிற சாயமும் வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடுமாம். இரண்டு வெளிச்சத்துக்கும் அச்சொட்டாக வராது, எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார், மூன்றாம் நடையில். நான் இரவைச் சொன்னேன். ஜன்னல் உள்ள சுவர் பகலில் எப்படியும் நிழலாகத்தான் தெரியும், வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அம்மா அந்த ஹோலில் உட்காருவது பொழுதுபட்ட பிறகு. மஞ்சளை அரைத் துளி குறைத்து இன்னொரு மட்டை செய்து பார்த்துவிட்டே கலக்கினார்.

நாலு லீட்டர் ஒன்றும் ஒரு லீட்டர் ஒன்றும் எடுத்தேன். இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகே பெயிண்ட் அடிக்கிற பாஸ் ரோலரைத் தொட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். சின்ன டின்னில் விழுகிற சாயம் மிகவும் கொஞ்சம் என்பதால் அது சற்றுப் பிசகலாமாம். பழைய சுவர் மெட், அதாவது மினுக்கம் இல்லாதது, என்றால் புதியதும் மெட்டாக இருக்க வேண்டும், மினுக்கம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். சுவரின் நடுவில் நிறுத்தாமல் மூலையிலிருந்து மூலை வரை அடிக்க வேண்டும். மூலையில் இரண்டு சுவரும் எப்போதும் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும், அதனால் சின்ன வித்தியாசம் அங்கே அடங்கிவிடும்.

குறையும் சொல்ல வேண்டும். அந்த அண்ணன் இல்லாத நாளில் போகாதீர்கள். நடுவில் ஒரு நாள் (அதை நடைக் கணக்கில் சேர்க்கவில்லை) போனபோது மெசினில் நின்ற தம்பி என்னிடமும் நம்பரைத்தான் கேட்டார், நான் திரும்பி வந்துவிட்டேன். கடைக்காரர் அந்தத் தம்பிக்கும் இந்த வேலையைப் பழக்கிக் கொடுத்தால் நல்லது. கப் சாம்பிளுக்கு அவர்கள் காசு எடுக்கவில்லை, ஆனால் மூன்று நடைக்கு பஸ் காசும் லீவும் நம்முடையவை. டிசம்பரில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால் டவுணில் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, பெரிய வாளி எடுப்பவர்கள் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தச் சுவர் புதியது என்று கண்டுபிடிக்கவில்லை. பகலில், மழை விட்டு வெயில் அடிக்கிற நேரத்தில், வலது மூலையில் எனக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். மிஞ்சியதை ஜாம் போத்தலில் ஊற்றி, கலவைச் சிட்டையை அதன் மேலேயே ஒட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அம்மா கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.