பின் நம்பர் பூட்டின கணினியும் கல்லடிக் கடையும்

மருமகன் பின் நம்பரைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடித்ததில், இந்த உள்நுழைவு முறை முடக்கப்பட்டிருக்கிறது, 2 மணித்தியாலமாவது கணினியை நிப்பாட்டாமல் வைத்துவிட்டு முயலுங்கள் என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. நானோ பொறுமையில்லாமல் நாலைந்து தரம் நிப்பாட்டிப் போட்டேன். அதுதான் பெரிய பிழை. டவுனில் ஒரு கடையில், பெட்டியைத் திறந்தும் பார்க்காமல், எல்லாத்தையும் அழிச்சு ஃபோர்மட் அடிக்கணும், 3,500 ரூபா என்றார்கள். மகளின் படமெல்லாம் அதற்குள்தானே இருக்கு!

பிறகு கல்லடியில் உள்ள ஒரு சின்னக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி சிரித்தார். "அண்ணே, இதில ஒண்டும் பழுதில்ல. பின் நம்பரைக் காவல் காக்கிற டிபிஎம் சிப்தான் யாரோ களவா நம்பர் அடிக்கிறதா நினைச்சுப் பூட்டியிருக்கு, நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டா இன்னும் சந்தேகப்படும்" என்றார். பின் நம்பர் அடிக்கிற கட்டத்துக்குக் கீழே உள்ள உள்நுழைவுத் தெரிவுகளை அமுக்கினால் ஒரு சாவிப் படம் வரும், அதில் மைக்ரோசொஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டால் காத்திருக்கவே தேவையில்லையாம். பாஸ்வேர்ட் எனக்கு மறந்துபோச்சு, அது வேறு கதை. சரி என்று ஓனிலேயே விட்டு, திரை தூங்காமல் இடையிடையே மவுஸை அசைத்தபடி இருந்தோம். இரண்டே கால் மணித்தியாலத்தில் பின் நம்பர் வேலை செய்தது.

எவ்வளவு என்று கேட்டேன், 200 ரூபா போதும் என்றார். ஒரேயொரு குறை, மத்தியானம் சாப்பிடப் போனால் மூன்றரைக்குத்தான் கடையைத் திறக்கிறார்.